திருப்பிக் கூப்பிடுகிற மாமா

புது நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பவர் உண்டு, எடுக்காதவர் உண்டு. எடுத்துப் பேசி, அந்தப் பக்கம் வைத்த பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அதே நம்பருக்குத் திருப்பிப் போட்டு ‘யார்டா நீ?’ என்று ஆரம்பிப்பவர் மூன்றாவது ரகம். ஏற்காட்டில் அந்த ரகத்துக்குத் தலைவர் எங்கள் மாமா. எனக்கு உறவில்லை, ஊருக்கே மாமா. எஸ்டேட்டில் கணக்கு எழுதி ரிட்டயரானவர். ஒரு ரூபாய் உதைத்தாலும் விடியவிடியப் பேரேட்டோடு உட்கார்ந்தவர், வந்த போன் யாருடையது என்று தெரியாமல் படுப்பாரா?

எடுக்காதீர்கள் என்று சொல்லவும் வழியில்லை. வீட்டை ஒட்டி இரண்டு ரூம் கட்டிச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறார். கோடை விழா நெருங்கினால் ஒவ்வொரு புது நம்பரும் ஒரு வாடகை.

ஏமாந்துவிடுவார் என்று மட்டும் நினைக்காதீர்கள். “மும்பை போலீஸ்ல இருந்து பேசறோம், உங்க பேருக்கு வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு” என்று ஒருவன் மிரட்டினான். மாமா சொன்னார்: “கொரியர்காரன் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததும் களைச்சுப் போயிடறான். ஒண்டிக்கடை முக்குல நின்னுக்கிட்டு, நீயே வந்து வாங்கிக்கோங்கறான். நான் கேட்ட மிக்ஸி ஜாரு இன்னும் வரல. போதைப்பொருள் மட்டும் கரெக்டா வந்துடுச்சா?” அவன் வைத்துவிட்டான்.

மிரட்டியதைப் பொறுத்துக்கொண்ட மாமாவுக்குப் பாதிப் பேச்சில் வைத்ததுதான் பொறுக்கவில்லை. திருப்பிப் போட்டாக வேண்டும்.

வீட்டுக்குள் டவர் கிடையாது. காப்பிக் களத்தின் கிழக்கு மூலையில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில், சின்னச் சுவர்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தால் இரண்டு கோடு வரும். காலை இறக்கினால் ஒன்று போய்விடும். ஆகவே மாமாவின் சண்டை எல்லாம் ஒற்றைக்கால் சண்டை. காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கர். தை மாதத்தில் களம் நிறையப் பழம் காயும். கிளறுகிற பெண்கள் பலகையை ஊன்றிக்கொண்டு கேட்பார்கள்.

“ஹலோ, யாருங்க?”

“நீங்க யாருங்க?”

“நான்தானே முதல்ல கேட்டேன்?”

“போன் போட்டது நீங்கதானுங்களே?”

“இப்பப் போட்டது நான். காலையில போட்டது நீ.”

“நான் யாருக்குங்க போட்டேன்? மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கேன்.”

“மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டேதான் மும்பை போலீஸ்னு பேசினியா?”

அந்தப் பக்கம் மாடு கத்தும். மாமாவின் குரல் ஒரு படி இறங்கும். எந்த ஊர் என்பார். அரூர் பக்கம் என்று பதில் வரும். “அரூரா? மழை எப்படி? பால் என்ன விலைக்கு எடுக்கறான்?” என்று போகும். கடைசியில் “இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வராமப் போகாதீங்க” என்று முடியும். ஒருநாள் இப்படி நலம் விசாரித்துக்கொண்டிருந்தபோது களத்தோரம் காட்டெருமை ஒன்று வந்து நின்றது. பெண்கள் பலகையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மாமா அதைப் பார்த்து, ‘இரு, பேசிட்டு வர்றேன்’ என்பதுபோல் கையைக் காட்டினார். அதுவும் இருந்தது.

திட்டப் போன இடத்தில் சிநேகிதம் பிடித்து வருகிறாரே, நல்லதுதானே என்று தோன்றும். விஷயம் என்னவென்றால், காலையில் கூப்பிட்டவன் அரூர்க்காரர் இல்லை. இதை மாமாவுக்கு விளக்கி விளக்கி என் தொண்டைதான் வறண்டது. இணையம் வழியாக வரும் அழைப்பில் ‘இது இந்த நம்பரிலிருந்து வருகிறது’ என்பதை அனுப்புகிறவனே நிரப்பிக்கொள்ளலாம். தபால் உறையில் அனுப்புநர் இடத்தில் யார் முகவரியை எழுதிப் போட்டாலும் தபால் போய்ச் சேருகிறது அல்லவா, அப்படித்தான். உட்கார்ந்திருப்பது எந்த நாட்டிலோ. உங்கள் திரையில் தெரிவது அரூர்க்காரரின் நம்பர். அந்த மனிதருக்குத் தன் நம்பர் ஊர் சுற்றுவதே தெரியாது.

மாமா பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு, “அப்ப அவன் நம்பர் எப்படி என் போன்ல வந்துச்சு?” என்பார்.

அவர் காலம் அப்படி. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு அரைநாள் காத்திருந்த தலைமுறை. போன் மணி அடித்தால் அந்த முனையில் காசு செலவழித்த ஒரு மனிதன் இருக்கிறான் என்று பழகிய காது. அதில் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையைத்தான் இந்தத் திருட்டுக் கும்பல் முதலில் களவாடியது.

2024 அக்டோபர் 22 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து நம் +91 வேஷம் போட்டு வரும் அழைப்புகளைக் கண்டுபிடித்து நிறுத்தும் ஏற்பாடு. முதல் 24 மணி நேரத்திலேயே 1.35 கோடி அழைப்புகள் சிக்கின. அன்று வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம். செய்தியை மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் வாடியது. “அதுல எனக்கு வந்தது எத்தனையோ? கேட்காமலே நிறுத்திட்டானுங்களே!”

தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று ஆசைகாட்டிக் கூட்டிப்போய், மியான்மரின் மியாவாடியில் இந்த மோசடித் தொழிலுக்கு அடைத்துவைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பையன்கள் 2022-ல் மீட்கப்பட்டு வந்த கதையையும் சொன்னேன். அது அவரைத் தொட்டுவிட்டது. அடுத்து வந்த பார்சல்காரனிடம், “தம்பி, உன்னையும் அடைச்சு வச்சிருக்காங்களா? சாப்பாடாவது ஒழுங்காப் போடறாங்களா?” என்று கேட்டார். அவனும் பாதியில் வைத்தான். திருப்பிப் போட்டார். எடுத்தது தாராபுரத்தில் ஒரு சிமென்ட் கடை. சாப்பாட்டு விசாரணை அங்கே நடந்தது.

இதுவரை சிரிக்கலாம். எல்லா நம்பரும் மாட்டுக்காரருக்கும் சிமென்ட் கடைக்கும் போவதில்லை. ஒருமுறை எடுத்தது ஒரு பெண். குரலிலேயே அழுகை. காலையிலிருந்து முகம் தெரியாத ஆண்கள் வரிசையாகக் கூப்பிட்டு ஏக வசனத்தில் திட்டுகிறார்களாம், வீட்டுக்காரர் ‘யாரிது?’ என்று கேட்டு போனைப் பிடுங்கிப் பார்க்கிறாராம். அன்று மாமா சுவரிலிருந்து காலை இறக்கிவிட்டார். எனக்குக் கோபம் மாமா மேல் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து +91 நம்பர் வருகிறதென்றால், அந்த நம்பர்காரர் நிஜமாகவே நாட்டைவிட்டுப் போயிருக்கிறாரா என்று பார்த்த பிறகு உள்ளே விடுவதற்கு 2024 வரை நாள் பார்க்க வேண்டுமா? 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் இப்படி அடையாளத்தை மாற்றுவதற்கு மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. சம்மனை எந்த நம்பருக்கு அனுப்புவது? திருடன் சௌக்கியமாக இருக்கிறான். திட்டுகிறவரும் நல்லவர், திட்டு வாங்குகிறவரும் நல்லவர்.

பணம் போனால் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் போகாத சந்தேக அழைப்பென்றால் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் புகாராகப் பதிவு செய்யுங்கள் என்று போனிலேயே திறந்து காட்டினேன். மாமா கட்டம் கட்டமாகப் பார்த்தார். “எல்லாம் சரி. இதுல எங்க திட்டறது?”

அரூர்க்காரரின் நிலைமை போன மாதம் எனக்கு வந்தது. வந்தவாசியிலிருந்து ஒருவர் என் நம்பருக்குக் கூப்பிட்டு, “லோன் வேணுமான்னு கேட்டுட்டுப் பாதியில வச்சுட்டியே, யாருய்யா நீ?” என்றார். உறை, முகவரி எல்லாம் சொன்னேன். “கதை விடாதீங்க தம்பி” என்றார். அதே உறுதி, அதே ஸ்பீக்கர். ஊருக்கு ஒரு மாமா இருக்கிறார். விளக்கி மாளாது என்று, “இருங்க, இதுக்குன்னு எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார்” எனக் களத்துக்குப் போய் மாமா கையில் கொடுத்தேன்.

“யாருங்க?” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கொஞ்ச நேரம் யார் முதலில் கேட்டது என்று போனது. பிறகு நிலக்கடலை விளைச்சல், மூட்டுவலி, இந்தக் காலத்துப் பிள்ளைகள். பேட்டரி சிவப்புக்கு வந்தபோது, மே மாதம் குடும்பத்தோடு வருவதாகவும் ரூமுக்கு வாடகை வேண்டாம் என்றும் முடிவாகியிருந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்த மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தங்கமான மனுஷன்ப்பா. அவருகிட்டப் போய் லோன் வேணுமான்னு கேட்டிருக்கியே, உனக்கு வேற பொழப்பு இல்லையா?”