பீன்யாவில் ஒரு குருகுலவாசம்

திரவ இயக்கவியலில் ஏழு பருவங்கள் மூழ்கியெழுந்து, லேத் எந்திரத்தைச் செய்முறைத் தேர்வன்று மட்டும் தரிசித்த பொறியியல் மாணவன், பெங்களூரின் பச்சை வழித்தட மெட்ரோவிலிருந்து பீன்யாவில் இறங்கி, 1970களில் எழுந்த அத்தொழிற்பேட்டையின் பட்டறையொன்றில் 'இன்டர்ன்ஷிப்' என்னும் விரதத்தை ஆரம்பிக்கிறான். சி.என்.சி. எந்திரத்தின் விலை அவனுடைய நான்காண்டுக் கட்டணத்தையும் விழுங்கவல்லதாதலால், அதன்மேல் கைவைக்க அவனுக்கு அனுமதியில்லை. முதலாளியின் அச்சம் நியாயமானதே. ஆகவே வெர்னியர் காலிப்பரைத் துடைக்கிறான். இரும்புச் சுருள்களைக் கூட்டுகிறான். தேநீருக்குத் தலை எண்ணுகிறான் (கற்ற புள்ளியியலுக்கு வாய்த்த ஒரே பிரயோகம்). 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் பழகுநருக்கு உதவித்தொகை விதித்திருக்கிறது; ஒப்பந்தமில்லாத இவனோ சில இடங்களில் தானே தட்சிணை செலுத்துகிறான். தருமபுரியிலிருந்து வந்த டர்னர் அண்ணன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் விடுத்து, 'தொழில்துறை 4.0' பற்றி அறுபது பக்க அறிக்கை சமர்ப்பிக்கிறான். பேராசிரியர் அட்டையைப் பார்த்து முழு மதிப்பெண் வழங்குகிறார்.