பச்சைத் தண்ணீர், பச்சைப் பொய்!

அணுகுண்டு போட்ட பிறகு நடக்கும் கதைகளில் விஷத் தண்ணீர் எப்போதும் பச்சையாக மினுங்குகிறதே, நிஜத்திலும் அப்படித்தானா?
- ஆம்பூர் வாசகர்

பச்சைப் பொய். கதிர்வீச்சுக்கு நிறமில்லை, வாசனை இல்லை, ருசியும் இல்லை. கண்ணுக்கே தெரியாத வில்லனை வைத்துப் படம் எடுத்தால் போஸ்டரில் எதைப் போடுவது? உடனே ஆர்ட் டைரக்டர் ஒரு வாளி பச்சைச் சாயத்தைத் தொட்டியில் கரைத்துவிடுகிறார்.

இந்தப் பச்சையின் பூர்வீகம், நூறு வருஷத்துக்கு முந்தைய கைக்கடிகாரங்கள். இருட்டில் மணி தெரிவதற்காக முட்களில் ரேடியம் பெயின்ட் பூசினார்கள். அதிலும் மினுங்கியது ரேடியம் இல்லை, கூடக் கலந்திருந்த துத்தநாக சல்பைடு. ரேடியம் அதை ஓயாமல் சீண்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவில் அந்த வேலை பார்த்த பெண்கள் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவார்கள். பலர் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். (நம் ஆட்டோக்களின் முதுகில் ஒட்டியிருக்கும் ரேடியம் ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது. தைரியமாகப் பின்னால் போங்கள்.)

தண்ணீர் ஒளிர்வதைப் பார்த்தே தீருவேன் என்றால் அணு உலைக் குளத்தை எட்டிப் பார்க்க வேண்டும். எரிபொருள் கம்பிகளைச் சுற்றி அருமையான வெளிச்சம் தெரியும். செரென்கோவ் என்ற ரஷ்யர் 1958-இல் இரண்டு சகாக்களோடு நோபல் பரிசு வாங்கியது அந்த வெளிச்சத்துக்குத்தான். அது நீலம் ஐயா, நீலம்! ஹாலிவுட்டில் நீலச் சாயத்துக்கு என்ன பஞ்சமோ.

அணு யுத்தம் வந்தால் கரப்பான்பூச்சி மட்டும்தான் பிழைக்குமாமே?
- காரைக்குடி வாசகி

என் சமையலறையில் இப்போதே அதுதான் வீட்டு ஓனர்.

எல்லாம் அழிந்த பிறகும் கதாநாயகன் குளத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்துப் பிழைத்துக்கொள்கிறானே, சாத்தியமா?
- திண்டுக்கல் வாசகர்

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். அதில் விழுந்த கதிரியக்க சீசியம் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், சீசியம் பாத்திரத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆக, சுண்டச் சுண்ட விஷம் கெட்டிப்படும். ஆவியைப் பிடித்துக் குளிரவைத்துக் குடித்தாலாவது ஓரளவு பிழைக்கலாம். எந்த ஹீரோவுக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

விஷயம் இதுதான்: தண்ணீர் தானாகக் கெடுவதில்லை. குண்டு கிளப்பிய கதிரியக்கத் தூசு மேலே இருந்து இறங்கி அதில் விழுகிறது. அதனால் மூடி போட்ட கிணறும் ஆழ்துளைக் கிணறும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். நம் ஹீரோவோ திறந்து கிடக்கும் ஏரியைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிப்பார். தூசியிலும் பல ஜாதி. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும், மூன்று மாதத்தில் ஏறக்குறைய காலி. சீசியம்-137 பாதியாக 30 வருஷம் ஆகும். இன்னொரு நல்ல சேதி, குண்டு வெடித்து ஒரு மணி நேரத்தில் இருக்கிற கதிர்வீச்சு, ஏழு மணி நேரத்தில் சுமார் பத்தில் ஒன்றாகவும் இரண்டு நாளில் நூறில் ஒன்றாகவும் குறைந்துவிடும். ஆக, ஹீரோ காட்ட வேண்டிய வீரம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் சும்மா இருப்பதுதான். சண்டைக்காட்சி இல்லாத அந்தப் படத்தை யார் வாங்குவார்?

‘வாட்டர்வேர்ல்ட்’ பார்த்தீர்களா?
- தூத்துக்குடி வாசகர்

ஆரம்பத்திலேயே கெவின் காஸ்ட்னர் தன் சிறுநீரை வடிகட்டிக் குடிப்பார். தியேட்டருக்கு லேட்டாக வந்தவர்கள் புண்ணியவான்கள்.

‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ பற்றி ஒரு வார்த்தை?
- சேலம் வாசகர்

ஒரு வார்த்தையில் முடிகிற காரியமா அது! அந்த இம்மார்ட்டன் ஜோவைப் போல ஒரு மட்டமான குடிநீர் அதிகாரியை நான் பார்த்ததில்லை. மலை உச்சியில் நின்றுகொண்டு மதகைத் திறப்பான். கீழே ஜனங்கள் தட்டும் சட்டியுமாக முண்டியடிப்பார்கள். அத்தனை உயரத்திலிருந்து கொட்டுவதில் பாதி மண்ணுக்குப் போகும். நாலு நொடியில் மூடிவிட்டு, தண்ணீருக்கு அடிமையாகிவிடாதீர்கள் என்று உபதேசம் வேறு! மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வரிசை போட்டுப் பழகிய ஒரு சென்னை அக்காவிடம் அந்த மதகைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு சொட்டு சிந்தாது, ஜோவும் டோக்கனோடு கடைசியில் நிற்பான்.

இந்தப் படத்தை முதலில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பாலைவனத்தில் எடுப்பதாக இருந்தது. மழை கொட்டி, பாலைவனம் முழுக்கப் பூ பூத்துவிட்டது. வறண்ட உலகத்தைத் தேடி யூனிட் மொத்தமும் நமீபியாவுக்குப் போனது. மழை வாய்க்கிற இடத்தில் வேண்டாம், வேண்டிய இடத்தில் வாய்க்காது.

கெட்ட தண்ணீரை யோக்கியமாகக் காட்டிய படமே கிடையாதா?
- பாளையங்கோட்டை வாசகி

உண்டு. நான் சொல்லப்போகிற இரண்டும் கறுப்பு வெள்ளை. பச்சைச் சாயம் கலக்க வழியில்லாததால் உண்மையைச் சொன்னவை என்பது என் கட்சி.

முதலாவது, 1954-இல் வந்த ஜப்பானிய ‘காட்ஸில்லா’. அந்த வருஷம் மார்ச் 1-ஆம் தேதி அமெரிக்கா பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. தூரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகில் 23 பேர் மீதும் வெள்ளைச் சாம்பல் விழுந்தது. செப்டம்பரில் அந்தப் படகின் ரேடியோ ஆபரேட்டர் இறந்தார். நவம்பரில் படம் வெளியானது. ராட்சசன் நகரத்தை மிதிப்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்பே தீவுக் கிணற்றடியில் விஞ்ஞானி கருவியோடு நின்று, இந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று சொல்கிற காட்சிதான் எனக்குப் பயம்.

இரண்டாவது, இமாமுராவின் ‘கறுப்பு மழை’, 1989. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு, கரியும் கதிரியக்கத் தூசும் கலந்து மழை கறுப்பாகப் பெய்தது. உடம்பு வெந்து தாகத்தில் தவித்தவர்கள் அதை அண்ணாந்து குடித்தார்கள். படத்தில் யசுகோ என்ற இளம்பெண் படகில் வரும்போது அவள் முகத்தில் சில கறுப்புத் துளிகள் விழுகின்றன. பிறகு வருஷக்கணக்காக மாப்பிள்ளை தேடுகிறார்கள். மாமா டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிக் காட்டியும், வரும் சம்பந்தமெல்லாம் தட்டிப்போகிறது. கதைதானே என்று விட்டுவிட முடியாது. அந்த மழையில் நனைந்த 84 பேரை அணுகுண்டால் பாதிக்கப்பட்டவர்களாக ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் ஏற்றது 2021-இல். குண்டு விழுந்து 76 வருஷம் கழித்து.

தேடிப் பாருங்கள் அம்மா. தேடும்போது இமாமுரா பெயரை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் அதே பெயரில் ரிட்லி ஸ்காட்டும் ஒரு படம் எடுத்திருக்கிறார், அதில் மைக்கேல் டக்ளஸ் ஒசாகாவில் வில்லனைத் துரத்துவார்.