தானே திரும்பிப் போகும் புத்தகம்

ஸ்டாம்ஃபோர்டு சாலையில் 1960-இல் திறந்த அந்தச் சிவப்புச் செங்கல் தேசிய நூலகம் எங்கே என்று சிங்கப்பூர்ப் பிள்ளைகள் கேட்டால், சுரங்கப்பாதையைத்தான் காட்டவேண்டும். 2004-இல் அதை மூடி, பிறகு இடித்து, கார்கள் சற்றுச் சீக்கிரம் போய்ச் சேர ஃபோர்ட் கேனிங் சுரங்கப்பாதைக்கு வழி விட்டார்கள்.

நீங்களும் அங்கே போனவர் என்றால் நினைவிருக்கும்: புத்தகத்தில் ஒட்டிய தாளில் 'டொக்'கென்று விழும் தேதி முத்திரை, அதற்கு மேலே வரிசையாக நிற்கும் பழைய தேதிகள், போன தீபாவளிக்கு இது யார் வீட்டில் இருந்திருக்கும் என்ற யோசனையிலேயே கரைந்துபோகும் பேருந்துப் பயணம். முதல் அத்தியாயத்திலேயே 'இவன்தான் கொலைகாரன்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்த புண்ணியவானைத் திட்டிக்கொண்டே, அடுத்த நாவலிலும் அவர் கையெழுத்தைத் தேடிய இளைஞன் நான். இரவல் வாங்கும் அளவு தீர்ந்தபின் கண்ணில் படும் நல்ல நாவலை, யாரும் தொடாத வரிச்சட்ட நூல்களுக்குப் பின்னால் பதுக்கிவிட்டு வருவது அன்று எங்களுக்குள் ஒரு கலை. அடுத்த சனிக்கிழமை போனால், இன்னொருவர் பதுக்கிய நாவலும் அங்கே இருக்கும்.

இப்போது சிங்பாஸ் என்னும் மின்னடையாளக் கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே நூலக உறுப்பினராகலாம். நூலக மின்னூல்களை இரவல் தரும் லிப்பி செயலியைத் திறந்தால் நள்ளிரவில், பனியனோடு படுத்தபடியே, தமிழ் நாவலும் இரவல் கிடைக்கும். ஆனால் ஊரே பேசும் புத்தகத்தைத் தொட்டால், உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் என்கிறது. காகிதமே இல்லாத புத்தகத்துக்கும் பெரும்பாலும் ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்றுதான் உரிமம். அது கிழியாது, கறைபடாது என்பதே பதிப்பாளர்களுக்குக் கவலையாகி, 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம், 26 முறை இரவல் கொடுத்தபின் நூலகங்கள் அந்த மின்னூலை மறுபடி வாங்கவேண்டும் என்று விதித்தது. சாகாவரத்தோடு பிறந்ததற்கு ஆயுள் குறித்தார்கள்.

21 நாள் கெடு முடிந்தால் புத்தகம் தானே திரும்பிப் போய்விடுகிறது, அபராதமும் கிடையாது. அபராதத்துக்குப் பயந்தாவது கடைசி நூறு பக்கங்களை ராத்திரியோடு ராத்திரியாக முடித்தவனுக்கு இது பெரிய சலுகைதான்: பாதியில் நின்ற நாவல்கள் பெருகிக்கொண்டே போகின்றன, கொலைகாரன் யாரென்று சொல்லத்தான் ஆளில்லை.