மடலியல்: மூலமும் உரையும்

மின்னஞ்சலில் வந்து விழும் செய்திமடல் எத்திணைக்கு உரியது என்பதை அறிஞர் எவரும் இதுவரை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அன்பின் ஐந்திணையுள் அதை அடக்க முடியாது. அதற்கு இருவர் மனமும் ஒத்திருக்க வேண்டும். ஒருவர் வாரந்தோறும் எழுத, மற்றவர் திறக்காமலே அழித்துவரும் இவ்வொழுக்கம் கைக்கிளை எனத் துணிக. நெடுநாள் திறக்காதவருக்கு ‘உங்களைக் காணாமல் வாடுகிறோம், இருபது சதவீதம் தள்ளுபடி’ என்று ஒன்று வருமே, அது கைக்கிளையும் அன்று, பொருந்தாக் காமமாகிய பெருந்திணை. தொல்காப்பியர் பெருந்திணையில் வைத்த மடலேற்றத்துக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே. பனைமட்டைக் குதிரையில் தெருவுக்கு வந்த தலைவன் தள்ளுபடி தரவில்லை.

இக்கைக்கிளையின் முதல் தலைவர் 1978 மே மாதத்தில் தோன்றினார். டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷனில் விற்பனைப் பணியில் இருந்த கேரி துர்க், தம் நிறுவனத்தின் புதுக் கணினிகளைப் பற்றி, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு, அவர்கள் கேளாமலே, ஒரே மடலை அனுப்பினார். வசை குவிந்தது. கணினிகளும் விற்றன என்று அவரே பின்னாளில் சொன்னார். வசைக்கும் விற்பனைக்கும் இடையே அன்று ஏற்பட்ட உறவு இன்னும் முறியவில்லை.

இத்துறைக்கு இலக்கணம் இல்லாத குறை தீர நூற்பாக்கள் யாத்து, உரையும் யானே செய்தேன். மூலமும் உரையும் ஒருவருடையதானால் ‘உரையாசிரியர் கருத்து அதுவன்று’ என்று யாரும் வழக்காட வர மாட்டார்கள்.

‘தலைப்பெனப் படுவது மடலுக்கு உயிரே.’

என்னை? தலைப்பிலேயே ஒதுக்கப்பட்ட மடலின் உள்ளே எவ்வளவு நல்ல உரைநடை இருந்தாலும் அது இல்பொருள் ஆதலின். 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமா அணியினர் ஒரு மடலுக்குப் பல தலைப்புகள் எழுதி, பட்டியலில் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்து, எது நன்கொடையை அதிகம் இழுத்ததோ அதையே மற்றவர்க்கு விடுத்தனர். ‘எதிரணி என்னைவிட அதிகம் செலவழிக்கப் போகிறது’ என்ற பொருளில் அமைந்த தலைப்பு ஒன்று 26 லட்சம் டாலர் திரட்டியது. நன்றாக ஓடிய இன்னொன்று வெறும் ‘ஹே’. அப்படியாயின் யாமும் ‘ஹே’ என்றே எழுதுவோம் என்பார்க்கு விடை: அதிபர் ‘ஹே’ என்றால் நண்பன் கூப்பிட்டதுபோல் இருக்கும், தண்ணீர் சுத்திகரிப்பான் விற்பவர் ‘ஹே’ என்றால் கடன் கொடுத்தவர் கூப்பிட்டதுபோல் இருக்கும்.

‘விளிக்குங் காலைப் பெயர்சொல்லி விளிக்க.’

இது மேலைநாட்டு மென்பொருளார் வகுத்த விதி. அவர்கள் படிவத்தில் முதற்பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி. தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. அது பெயருக்கு முன்னே நிற்கும் பழக்கத்தால் முதற் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே மடல் ‘அன்புள்ள கே’ என்று தொடங்கும். அந்தக் கே மடல் பெறுபவரின் அப்பா. அப்பா காலமாகிப் பல ஆண்டாகியும் அவருக்கு வாரம் இருமுறை ஓட்டப்பந்தயச் செருப்பு விற்கிறார்கள். பெட்டியைக் காலியாக விட்டவர் கதி இன்னும் மோசம்: பெயர் வரவேண்டிய இடத்தில் சுருள் அடைப்புக்குறிகளும் நிரலின் துண்டும் அப்படியே வந்து நிற்கும். இத்தொடருக்கு இலக்கணக்குறிப்பு வரைதல் எம்மால் ஆகவில்லை.

குற்றங்களுக்குத் தனி நூற்பா வேண்டா. நூலுக்குப் பத்துக் குற்றம் சொன்ன நன்னூலார் செய்திமடல் கண்டவர் அல்லர். ஆயினும் பத்தில் ஒன்றும் வீண்போகவில்லை. மற்றொன்று விரித்தல் என்பது வங்கி வட்டியைப் பற்றிய மடலில் ஆசிரியர் தாம் குடித்த காபியை வருணிப்பது. சென்று தேய்ந்து இறுதல் என்பது முதல் இதழ் முழங்கி வந்து, ஐந்தாம் இதழ் ‘சென்ற வாரம் எழுத இயலவில்லை’ என்று தொடங்கி, ஆறாம் இதழ் வராமலே போவது. மிகைபடக் கூறலுக்கு ஜிமெயிலே தண்டனை தருகிறது. மடல் 102 கிலோபைட்டைத் தாண்டினால் நறுக்கிவிடும். விலகிக்கொள்ளும் சுட்டி வழக்கமாக அடியில் கிடப்பதால் நறுக்கில் அதுவும் போய்விடும். வெளியேற வழி காணாத வாசகர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார். 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலக வழி வைக்கவேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று கூகுள் விதித்திருக்கிறது. அதாவது ஆயிரத்தில் மூவர் முகம் சுளித்தாலே ஆபத்து. எந்தப் புலவர் அரங்கேற்றமும் இவ்வளவு கடுமையான அவையைக் கண்டிராது.

இனி, மடல் சுவையாக இருந்ததா என்பதை அளக்கும் முறை. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் பிக்சல் படம் ஒன்றை மடலுக்குள் ஒளித்து வைப்பர். படம் இறங்கினால் மடல் திறக்கப்பட்டது எனக் கொள்வர். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு மறைப்பு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதை ஏற்றவர்களுக்கு வரும் மடலின் படங்களை ஆப்பிளின் கணினிகளே முன்கூட்டி இறக்கிவிடும். ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் மடல் திறந்ததாகவே கணக்கு. எனவே இன்று உலகிலேயே செய்திமடல்களை விடாமல் திறக்கும் வாசகர் ஓர் இயந்திரம் என்பது இவ்வாய்வின் முதன்மை முடிவு. திறப்பு விகிதம் ஏறியதைக் கண்டு தம் நடை மெருகேறியதாக மகிழ்ந்தவர்கள் இப்பத்தியைத் தாண்டிச் செல்க.

எஞ்சியது ஒரே அளவுகோல்.

‘மறுமொழி பெற்றதே மடலெனப் படுமே.’

படித்த ஒருவர் உட்கார்ந்து நாலு வரி எழுதினால் அதைப் பிக்சலால் போலி செய்ய முடியாது. ஆனால் எத்தனையோ மடல்கள் ‘நோ-ரிப்ளை’ என்ற முகவரியிலிருந்து வருகின்றன. கதவைத் தட்டிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நிற்பவரிடம் யார் பேசுவார்? ஒருவரை மனத்தில் நிறுத்தி, ஒரு செய்தியை, தன் பெயர் போட்டு எழுதினால் தலைப்புச் சோதனையில் பாதி தேவைப்படாது என்பது எம் துணிபு. சொல்லச் செய்தி இல்லாத வாரத்தில் மடலை நிறுத்தி வைப்பதும் இலக்கணத்துக்கு உட்பட்டதே.

மடல் விடுப்போர் அனைவரையும் கேட்டுக்கொள்வது இது: மற்ற விதிகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த நோ-ரிப்ளை முகவரியை எடுத்துவிட்டு, பதில் வந்தால் படிக்கக் கூடிய ஒரு மனிதரின் முகவரியைப் போடுங்கள்.