பாட்டியின் கைப்பிடி

கேள்வி: எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. முதுமை பற்றிய ஆராய்ச்சிக்கு என்னைப் போன்றவர்கள் போக முடியுமா?

பதில்: நீங்கள் போகாமல் வேறு யார் போவது? இந்தியாவில் முதுமை பற்றி 2017-18இல் நடந்த 'லாசி' ஆய்வில் 45 வயது நிரம்பியோர், அவர்களின் துணைவர் என 72,000 பேருக்கு மேற்பட்டோரைச் சந்தித்தார்கள். ஒரு கருவியை அழுத்தச் சொல்லிக் கைப்பிடி வலுவையும் அளந்தார்கள். கருவி கிலோ கணக்கைச் சொல்லும்; காரணத்தைச் சொல்லாது. நாற்று நட்டுக் காய்த்துப்போன பாட்டியின் கை, இன்று தூக்குவாளி மூடியைத் திறக்கத் திணறுவது ஏன்? அந்தக் கையால் சோறு உண்டவருக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் தோன்றும். பேராசிரியர்களே, கோடை விடுமுறையில் இந்தப் பிள்ளையை ஆய்வகத்துக்குக் கூப்பிடுங்கள். கூடவே பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் கொடுங்கள். லீவில் வேலைக்குப் போனால்தான் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் என்கிற வீடு அது.