பிஸ்டனை இறுக்கிப் போடு, தம்பி!

செனாவாங்கில உன்னை மிஞ்சின கெட்டிக்காரன் கிடையாது தம்பி. அதனால நீ நினைச்சதையே செய். புளோக்கைத் தூக்கிட்டு லேத்துக்காரர்கிட்ட போ. "அங்கிள், பிஸ்டன் கையால தள்ளினாக்கூட நகரக்கூடாது, அவ்வளவு இறுக்கமாக் குடைஞ்சு கொடுங்க"ன்னு சொல்லு. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி உன்னை ஒரு பார்வை பார்ப்பார். பார்த்துட்டுப் போகட்டும். மீசை முளைச்ச நாள்ல இருந்து சிலிண்டர் குடையிற மனுஷனுக்கு என்ன தெரியும்? நீ யூடியூப் பார்த்தவன்.

மாட்டினதும் ஓட்டிப் பார்க்காதே. விடியட்டும். ஃபேக்டரி பஸ் வர்றதுக்கு முன்னாடி, ராத்திரி பூரா பனியில கிடந்த எஞ்சினை ஒரே உதையில கிளப்பி, பிடியைக் கடைசி வரைக்கும் முறுக்கு. தாமானே எழுந்திருக்கணும். அப்புறம் நேரா புக்கிட் புத்துஸ் பழைய மேட்டுப் பாதைக்கு விடு. கோலப்பிலா போய்ச் சேர்றதுக்குள்ள ஏதாவது ஒரு வளைவுல எஞ்சின் 'கிரீச்'சுன்னு கத்திட்டுப் பின்சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்திடும். உன்னோடது ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார். இழுக்கறதுக்குக் கைக் கிளச்சும் கிடையாது. கியர் மிதியை அமுக்கிப் பிடிச்சா சக்கரம் விட்டுக்கும். ஆனா அந்த நேரத்துல அது உன் நினைவுக்கு வராது, குலதெய்வம்தான் வரும்.

"இறுக்கமா இருந்தாத்தானே தாத்தா கம்ப்ரஷன் நிக்கும்?"னு கேக்கிறே. நல்ல கேள்வி. உன் அப்பனும் இதையேதான் கேட்டான். கம்ப்ரஷனைப் பிடிச்சு நிறுத்தறது பிஸ்டன் இல்லடா, அதைச் சுத்தியிருக்கிற ரிங்கு. வில்லு மாதிரி விரிஞ்சு சுவரை ஒட்டிக்கிட்டு நிக்கிறது அதோட வேலை. பிஸ்டன் சுவரைத் தொடாம, நடுவுல எண்ணெய்ப் படலத்து மேல ஏறி இறங்கணும். அந்த ரிங்குக்கே ரெண்டு முனைக்கு நடுவுல சந்து விட்டுத்தான் போடணும். சந்து போதாட்டி, சூட்டுல ரிங்கு நீண்டு முனை ரெண்டும் முட்டி, நீ ஆசைப்பட்டுக் குடைஞ்ச சுவரையே சுரண்டிடும்.

கணக்குப் பார்த்துடுவோம். உன் பிஸ்டன் அலுமினியக் கலவை, குறுக்களவு 50 மில்லிமீட்டர். அது ஓடுற உள்சுவர் வார்ப்பிரும்பு. ரெண்டும் ஒரே அளவு சூடானாலும் ஒரே அளவு பெருக்காது. அலுமினியம் இரும்பை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு பெருக்கும். 100 டிகிரி ஏறினா பிஸ்டன் ஒரு மில்லியில பத்தில ஒரு பங்கு கொழுக்கும். சுவர் விட்டுக்கொடுக்கிறது அதுல பாதிதான். மீதிப் பாதியை நீ முதல்லயே சந்தா விட்டு வைக்கணும். அந்தச் சந்து உன் தலைமுடி ஒண்ணை விட மெல்லிசு. அதையும் மிச்சம் பிடிக்கிறேன்னு நீ கிளம்பறே. தீபாவளிச் சட்டைக்குப் பட்டினி வயித்தோட அளவு கொடுத்துட்டு, பிரியாணி தின்ன பிறகு பொத்தானைப் பூட்டப் பார்க்கிற ஆளு நீ.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. பிஸ்டனும் சுவரும் ஒரே நேரத்துல சூடாகாது. தீ எரியறது பிஸ்டன் தலை மேல. சுவருக்கோ வெளியில காத்துப் படுது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பின கையோட முறுக்கினா, சுவர் கண் முழிக்கறதுக்குள்ள பிஸ்டன் கொழுத்துடும். கொதிச்சு ஜாம் ஆகிறது ஒரு ரகம், குளிர்ல ஜாம் ஆகிறது இன்னொரு ரகம். நீ ரெண்டாவதுல பேர் வாங்கப் போறே.

என் வெத்தலைத் தட்டுப் பக்கத்துல ஒரு பழைய பிஸ்டன் கிடக்குதே, சுருட்டுச் சாம்பல் தட்டறதுக்கு. அதைத் துடைச்சு எடு. மைக்ரோமீட்டரால அளந்து பாரு. கட்ஜன் பின் போற திசையில ஓர் அளவு காட்டும். அதுக்குக் குறுக்கே, பாவாடைப் பக்கம் அளந்தா கொஞ்சம் கூடக் காட்டும். தேய்ஞ்சு போச்சுன்னு நினைக்காதே, செய்யும்போதே அப்படித்தான் செய்யறான். பின் மாட்டுற இடத்துல உலோகம் தடிப்பு. சூட்டுல அந்தப் பக்கம்தான் அதிகமா வீங்கும். அதனால குளிர்ல நீள்வட்டமா விட்டு வைக்கிறான், ஓட ஓட வட்டத்துக்கு வந்து சேரும். தலைப்பக்கமும் அடிப்பக்கத்தை விடச் சின்னது, ஏன்னா தலைதான் 200 டிகிரிக்கு மேல காயுது. கடையில வாங்கிப் பிரிச்சப்போ "வட்டமா இல்லையே, போலியா?"ன்னு தவுக்கேகிட்ட சண்டை பிடிச்சியாமே. வட்டமா இருந்திருந்தா சண்டை பிடிச்சிருக்கணும்.

அந்தக் காலத்துல தோட்டத்துப் பால் ஸ்டோர்ல ரப்பர்த் தகடு உருட்டுற மெஷினுக்கு டீசல் எஞ்சின் ஓடும். கைப்பிடி போட்டுச் சுத்தித்தான் கிளப்பணும். கிளப்பின உடனே பெல்ட்டை மாட்டினா எஞ்சின் டிரைவர் கையில இருக்கிறதைத் தூக்கி அடிப்பார். கொஞ்ச நேரம் வெறுமனே ஓடணும். சாயங்காலம் நிறுத்தும்போதும் அதே கதை: சுமையை இறக்கிட்டு, சும்மா ஓடவிட்டு, மெதுவா ஆறவிட்டுத்தான் நிறுத்துவார். துரை வந்து அவசரப்படுத்தினாலும் நடக்காது. நீ என்னடான்னா மேடு ஏறி வந்த எஞ்சின் மேல பைப்புத் தண்ணியைப் பீய்ச்சுறே, புகை வர்றதைப் பார்த்துச் சிரிக்கிறே. வெளிச்சுவர் சட்டுனு சுருங்கும், உள்ளே பிஸ்டன் கொழுத்தபடியே இருக்கும். போட்டோ பிடிச்சு வச்சுக்கோ.

சரி, ஒரு விடுகதை போடறேன், அவிழ். இரும்பு வளையத்தைச் சூடாக்கினா நடுவுல இருக்கிற ஓட்டை பெருசாகுமா, சின்னதாகுமா?

"இரும்பு எல்லாப் பக்கமும் வீங்கும், அதனால ஓட்டை சின்னதாகும்." எப்படி யோசிக்காம சொல்றான் பாரு! உன் பேச்சைக் கேட்டிருந்தா இந்த நெகிரி செம்பிலான்ல ஒரு மாட்டுவண்டியும் ஓடியிருக்காது.

வண்டிச் சக்கரம் மரம். நடுவுல குடம், அதுல இருந்து ஆரக்கால், சுத்தி வட்டை. ஆணி ஒண்ணு கூட இல்லாம இத்தனையையும் சேர்த்துப் பிடிக்கிறது வெளியில போடுற இரும்புப் பட்டை. அந்தப் பட்டையைச் சக்கரத்தை விடச் சின்னதாத்தான் கொல்லர் வளைப்பார். பச்சையா வச்சா ஏறாது. தரையில வட்டமாப் பட்டையைக் கிடத்தி, மேலயும் கீழயும் தேங்காய் மட்டையும் கித்தாக் கட்டையும் அடுக்கித் தீ மூட்டுவாங்க. நாலடிச் சக்கரம்னா பட்டையோட சுத்தளவு பன்னிரண்டரை அடி. 400 டிகிரி ஏறினா சுத்தளவுல ரெண்டு சென்டிமீட்டர் கூடும். கொல்லர் கண்ணாலயே பதம் பார்ப்பார். ஆளுக்கொரு குறடு போட்டுத் தூக்கி, படுத்திருக்கிற சக்கரத்து மேல இறக்குவாங்க. மரம் பத்திக்கிட்டுப் புகையும். நாலு பக்கமும் சுத்தியலால தட்டி உட்கார வச்சுட்டு, வாளி வாளியாத் தண்ணி. அப்ப கேக்கணும் அந்தச் சத்தத்தை. பட்டை சுருங்கச் சுருங்க, ஆரக்கால் ஒவ்வொண்ணும் குடத்துக்குள்ள இறங்கி முனகும். இடைவெளியெல்லாம் மூடிக்கும். அதுக்கப்புறம் அந்தச் சக்கரத்தைப் பிரிக்கணும்னா கோடாலிதான்.

ஓட்டை ஏன் பெருசாகுது? அந்த ஓட்டையிலயும் அதே இரும்பு நிறைஞ்சிருக்கிறதா நினைச்சுக்கோ. அந்தத் துண்டு எவ்வளவு பெருக்குமோ அவ்வளவு ஓட்டையும் பெருக்கும். ஹாலந்துக்காரர் கிராவசாண்டே இதைக் குண்டும் வளையமும் வச்சுக் காட்டினார், 18-ஆம் நூற்றாண்டுல. குண்டை மட்டும் காய்ச்சினா வளையத்துல நுழையாது, வளையத்தையும் காய்ச்சினா நுழைஞ்சிடும். உன் பள்ளிக்கூடத்து லேப்லயும் அது இருந்திருக்கும். நீ அன்னைக்கு எங்க போயிருந்தியோ, அது உன் சொந்த விஷயம்.

இப்ப உன் பேரிங் கதைக்கு வர்றேன். கிராங்க் கேஸ்ல பேரிங்கை ஏத்த நீ சுத்தியலும் இரும்புக் குழாயும் கேட்டு வந்தப்பவே எனக்குச் சிரிப்பு. அடி, நல்லா அடி. அலுமினியத் துளை சிராய்ஞ்சு, பேரிங் கோணலா மாட்டும். குண்டு ஓடுற பள்ளத்துல தழும்பு விழும். ஒரு மாசத்துல எஞ்சின் பாட்டுப் பாடும்.

அடிக்காம இறக்கணும்னா, பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில கட்டி முந்தின நாள் ராத்திரி ஐஸ்பெட்டி ஃப்ரீசர்ல வை. உன் பாட்டி அதைக் கெம்போங் மீன்னு நினைச்சுப் பிரிப்பா, வாங்கிக் கட்டிக்கோ. கேஸை நல்லாக் கழுவி, எண்ணெய் வாடை இல்லாம, அவன்ல வச்சு 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேல ஏத்து. ஒரே இடத்துல கேஸ் தீயைக் காட்டாதே, கோணிக்கும். ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சா சொய்னு பறக்கணும், அதுதான் பதம். கடையில கிடைக்கிற 6204 பேரிங் வெளிவட்டம் 47 மில்லி. 80 டிகிரி ஏறினா அலுமினியத் துளை நூறில் எட்டு, ஒன்பது பங்கு மில்லி விரியும். ஃப்ரீசர்ல பேரிங் நூறில் மூணு பங்கு வரைக்கும் சுருங்கும். சேர்த்துப் பார்த்தா பத்தில ஒரு பங்குக்கு மேல இடம். இறுக்கம்னு வச்சிருந்ததே நூறில் சில பங்குதான். துணியால பிடிச்சு நேரா மேல வச்சா, தன் பாரத்துலயே 'டொக்'குனு போய் உட்காரும். உனக்கு இருக்கிற நேரம் சில விநாடி. அதுக்குள்ள சூடும் குளிரும் சமரசம் ஆகிடும், பேரிங் எங்க நிக்குதோ அங்கேயே நிக்கும். போன் அடிச்சா எடுக்காதே. அவளா இருந்தாலும்.

இதெல்லாம் மோட்டாருக்கு மட்டும்னு நினைக்காதே. செனாவாங் ஸ்டேஷன் பக்கம் கொமுட்டர் ஓடுற தண்டவாளம், விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவுல 30 டிகிரி ஏறினா, கட்டுப்பாடில்லாம விட்டால் கிலோமீட்டருக்கு ஒரு அடிக்கு மேல நீளும். அந்தக் காலத்துல இணைப்புக்கு இணைப்பு சந்து விட்டாங்க, ரயில் தடக் தடக்குனு போகும். இப்ப நீளமா ஒட்டிட்டுக் கட்டையிலயும் கல்லுலயும் அமுக்கிப் பிடிக்கிறாங்க. பிடி தளர்ந்தா பாம்பா நெளிஞ்சிடும்.

கான்கார்ட் விமானம் தெரியுமா? நீ பிறக்கறதுக்கு முன்னாடி, 1977 டிசம்பர்ல லண்டன்ல இருந்து பஹ்ரைன் வழியா சிங்கப்பூருக்கு விட்டாங்க. வெடிச் சத்தம் ஆகாதுன்னு நம்ம மலேசியா வழி விட மறுக்க, மூணு நடையோட நின்னு, 1979-ல மறுபடியும் வந்து, 1980-ல முடிஞ்சு போச்சு. அது ஒலியை விட ரெண்டு மடங்கு வேகத்துல போகும்போது காத்து உரசிச் சூடாகி, உடம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல நீளும். விமானி அறையில எஞ்சினியரோட பலகைக்கும் சுவருக்கும் நடுவுல கை நுழையிற சந்து விழும். கான்கார்டோட கடைசி நாட்கள்ல அந்த எஞ்சினியர்கள் தொப்பியைக் கழற்றி அந்தச் சந்துல செருகிட்டாங்க. விமானம் ஆறினதும் தொப்பி மாட்டிக்கிச்சு, இழுத்தாலும் வராது. அவ்வளவு பெரிய வண்டி கட்டினவனே சந்து விட்டுக் கட்டியிருக்கான், உன் 97 சிசிக்கு வேண்டாமாம்!

லேத்துக்காரர்கிட்ட திரும்பப் போ. 0.50 மில்லி பெரிய பிஸ்டனைப் பெட்டியோட அவர் கையில கொடு. "அங்கிள், இதை அளந்து, இதுக்கு ஏத்த சந்து விட்டுக் குடைஞ்சுடுங்க"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோ. மிச்சத்தை அவர் பார்த்துப்பார். மாட்டின பிறகு கொஞ்ச நாளைக்கு மேடு கிடையாது, ரேஸ் கிடையாது, பின்னாடி யாரும் கிடையாது.

வால்வுச் சந்து நான் வச்சுத் தர்றேன். 0.05 மில்லி. எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழ இருக்கும்போது வைக்கணும்னு ஹோண்டா புத்தகத்துலயே போட்டிருக்கு. சூடான எஞ்சின்ல வச்சா அளவு பொய் சொல்லும். சந்தே இல்லாமப் போனா வால்வு சரியா மூடாது, கரிஞ்சிடும். ஜப்பான்காரன் 35-ஐக் குளிர்னு எழுதிட்டுப் போயிட்டான். செனாவாங்ல மத்தியானம் வெயில்ல நிறுத்தின மோட்டார், ஸ்டார்ட் பண்ணாமலேயே அதைத் தாண்டிடும். அதனால விடியற்காலையில, ஓட்டிக்கிட்டு வராம தள்ளிக்கிட்டு வா. சந்து அளக்கிற தகடு என்கிட்ட இருக்கு. பசியாற உங்கம்மாகிட்ட தோசை நாலு வாங்கிட்டு வா. அதுக்கு 35 டிகிரிச் சட்டம் கிடையாது.