விறகை முகர்பவர்

விறகை முகர்பவர் அமெரிக்கப் புறநகர்களில், மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வீட்டுக் கொல்லைப்புறங்களில் மிகுதியாகத் தென்படுபவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வாரநாட்களில் காப்பீட்டுக் கணக்கோ மென்பொருளோ பார்ப்பார். சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்குக் கறுத்த இரும்புப் புகையடுப்பின் முன் நிற்பார். கறியைக் காசு கொடுத்தால் எவரும் வாங்கிவிடலாம், கட்டையைத் தேர்வதில்தான் ஆள் யாரென்று தெரியும் என்பது அவர் கட்சி.

மற்ற ஊர்க்காரர்களின் விறகைப் பற்றி அவருக்குத் தீர்க்கமான அபிப்பிராயங்கள் உண்டு. டெக்சாஸின் வறண்ட மேற்குப் பகுதியில் எரிக்கும் மெஸ்கீட் வெறும் முரடு. (அது நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி, நம்மவர்கள் அதைக் கரிமூட்டம் போட்டு விற்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.) ஹிக்கரி, கை கொஞ்சம் மிஞ்சினால் கசந்துவிடும். மத்திய டெக்சாஸில் மாட்டு நெஞ்சுக்கறிக்கு எரிக்கும் போஸ்ட் ஓக்கைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். அந்த ஊர்க்காரர் எவராவது அருகில் இருக்கக்கூடும்.

பழமரம் என்றதும் குரல் தணியும். ஆப்பிள் கட்டை கோழிக்கும் பன்றிக்கும். செர்ரி கறிக்குக் கருஞ்சிவப்பு நிறம் ஏற்றும். பீச், ஜார்ஜியாவில் பழத்தோட்டங்களைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்யும்போது கிடைப்பது. பேரி கிடைப்பதரிது, ஆகவே உசத்தி. இவை நான்கும் ரோஜாக் குடும்பம். கட்டை எரியும்போது பழச்சாறு எதுவும் வந்து கறியில் சேர்வதில்லை. மரத்தின் லிக்னின் சிதைந்து குவாயகால், சிரிங்கால் என்ற மணப்பொருள்களாகிறது. அது எல்லா மரத்திலும் நடப்பதுதான். இதெல்லாம் அவருக்கே தெரியும். இருந்தும், “பின்னால லேசா ஒரு புளிப்பு வருது பாருங்க, அதுதான் செர்ரி” என்பார். விருந்தாளிக்கு வருவது கண்ணெரிச்சல்.

ஈர விஷயத்தில் அவரைக் கேலி செய்வதற்கில்லை. புகையின் ருசியில் மரத்தின் பெயரைவிட அதன் ஈரத்துக்குத்தான் பங்கு அதிகம். பச்சைக் கட்டை வெள்ளையாகப் புகைந்து கறியின் மேல் கசப்பைப் பூசும்; நன்றாகக் காய்ந்தது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாய்ப் புகையும். ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். அதற்கென்று இரண்டு ஊசி வைத்த கருவி ஒன்று சட்டைப் பையிலேயே இருக்கிறது. கட்டையைப் பிளந்து, பிளந்த முகத்தில் ஊசியைக் குத்தி, மரத்தின் பெயரையும் எண்ணையும் சாக்கட்டியால் எழுதுவார். பிறகு இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுவார்: ‘டங்’ என்றால் சரி, ‘தொப்’ என்றால் அடுத்த கோடைக்கு. கருவி ஏற்கெனவே சொன்னதைத்தான் காதும் சொல்கிறது, ஆனால் பக்கத்து வீட்டார் பார்ப்பது தட்டுவதைத்தான்.

அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு பழைய ஆப்பிள் மரம் நிற்கிறது. வசந்தத்தில் ஊரே அதன் பூவைப் பார்க்கும். இவர் பட்டுப்போன கிளையைப் பார்ப்பார். “மரம் எப்படியிருக்கு?” என்று அவர் கேட்கும் தொனி, ஆஸ்தி உள்ள பெரியப்பாவின் உடல்நலம் விசாரிப்பது போலிருக்கும். புயலடித்த மறுநாள் காலை ரம்பத்தோடு தெருவில் முதலில் இறங்குபவரும் இவரே. தூரத்துத் தோட்டத்திலிருந்து கட்டை கொண்டுவரச் சட்டம் தடை: விறகோடு பூச்சியும் பயணம் போகும் என்பதால், நியூயார்க் மாநிலத்தில் சூடேற்றிப் பக்குவப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. ஆகவே 49 மைலுக்குள் உள்ள பழத்தோட்டக்காரர்கள் அனைவரும் அவருக்குச் சிநேகிதர்கள்.

சமையல் நாளன்று சொல்வதற்கு அதிகமில்லை. அடுப்புச் சூடு 110 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். நெஞ்சுக்கறியின் உட்சூடு 70 டிகிரியை நெருங்கியதும் கறி வியர்த்துத் தன்னைத்தானே குளிர்வித்துக்கொண்டு, மணிக்கணக்கில் ஏறாமல் அடம்பிடிக்கும். ஐந்து மணிக்கு வந்த விருந்தாளிகள் எட்டு மணிக்கு அவர் கட்டை அடுக்கைச் சுற்றிப்பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளுக்குப் பீட்சா வந்திருக்கும்.

குளிர்காலத்தில் அடுக்கு முழுவதும் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் போகும், கார் பனியில் நிற்கும். ஒரு வருடம் உள்ளே கொண்டுபோவதற்கு முன் மழை முந்திக்கொண்டு, சாக்கட்டி எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. அவர் ஒவ்வொரு துண்டாகப் பிளந்தார், முகர்ந்தார், ஒரு சிராயைக் கொளுத்தியும் பார்த்தார். இருட்டும்வரை யோசித்துவிட்டு எல்லாவற்றிலும் ‘பேரி’ என்று எழுதினார்.